பட்டைகள் எந்தப் பக்கம் நகரும்?

பௌதிகவியல் ரியூசன் என்பது, டீச்சரே கண்ணால் காணாத சங்கதிகளைப் பிள்ளைகள் கண்டதுபோல எழுதப் பழக்குகிற தொழில். கல்லடியில் ஒரு தகரக் கூரை மண்டபத்தில் பதினொரு வருடம் இதைச் செய்தேன். இப்போது அந்த இடத்தில் ஃபோன் கடை நடக்கிறது. அந்த வழியால் போகும்போதெல்லாம் உள்ளே நுழைந்து, "கரும்பலகைக்கு ஒரு சோக்கட்டி இருக்கா?" என்று கேட்கவேண்டும் போலிருக்கும். படிப்பித்துப் படிப்பித்துத் தொண்டை கட்டிப்போன சக தோழர்களே, உங்களைத் தவிர இது வேறு யாருக்கு விளங்கப்போகிறது?

சுவரில் விழுந்த சிவப்பு

மண்ணெண்ணெய் விளக்குப் புகையில் ஒரு கண்ணாடித் துண்டைக் கறுப்பாக்கி, இரண்டு சவர பிளேடுகளைச் சேர்த்துப் பிடித்து ஒரே இழுவையில் கீறினேன். நெருக்கமாக இரண்டு கோடுகள் விழுந்தன. அதுதான் எங்கள் இரட்டைப் பிளவு. விளையாட்டுச் சாமான் கடையில் வாங்கிய லேசர் லைற்றை அதன் வழியே அடித்ததும், சுவரில் வெளிச்சமும் இருட்டுமாகச் சிவப்புப் பட்டைகள் வரிசையாக வந்து நின்றன. பிள்ளைகள் போட்ட சத்தத்தில் எனக்குத் தலைகால் புரியவில்லை.

அத்தோடு நிறுத்தியிருக்கலாம். ஒரு பிளவை மட்டும் மெல்லிய கண்ணாடியால் மூடினால் பட்டைகள் அப்படியே ஒரு பக்கம் நகரும், அதையும் காட்டுகிறேன் பாருங்கள் என்று இறங்கினேன். இரண்டு கோட்டுக்கும் நடுவில் தலைமயிர் அளவு இடம்தான். ஒன்றை மூடினால் மற்றதும் மூடிக்கொண்டது. பட்டைகள் எல்லாம் ஒரே மாதிரி இருந்ததால், நகர்ந்தாலும் நகர்ந்தது தெரியாது. அரை மணித்தியாலம் மல்லுக்கட்டிக் களைத்துப்போனேன். முன்வரிசை வாங்கில் இருந்த அஸ்மிக்கு என்மேல் இரக்கம் வந்துவிட்டது.

"விடுங்க டீச்சர், நீங்க சொல்ற பக்கத்தயே நாங்க எழுதிறம்."

நான் சொன்ன பக்கம்

மூடாத பிளவின் பக்கம் நகரும் என்று சொன்னேன். கண்ணாடிக்குள் ஒளி பிந்துகிறது, ஆகவே வெளிச்சம் அந்தப் பக்கத்தை விட்டு விலகும் என்று எனக்குள் ஒரு நினைப்பு. பாடத்திட்டத்தில் இல்லாததையும் சொல்லிக்கொடுக்கிற டீச்சர் என்ற பெயர் வேறு இருந்தது. அதற்கு முந்திய இரண்டு வருடமும் அதையேதான் எழுதுவித்திருந்தேன், அந்த வருடம் மாதிரிப் பரீட்சையிலும் கேட்டேன்.

காத்தான்குடி நுஸ்ரத் மட்டும் "மூடிய பிளவின் பக்கம்" என்று எழுதியிருந்தாள். பல்கலைக்கழகத்துக்கான உயர்தரப் பரீட்சை அவளுக்கு அது மூன்றாம் தடவை. மூன்றுக்கு மேல் கணக்கெடுக்கமாட்டார்கள், இதுவும் தவறினால் அதோடு கம்பஸ் ஆசை முடிந்தது. மாதிரிப் பரீட்சையில் சித்தியடையாவிட்டால் சோதினையும் வேண்டாம், ஒன்றும் வேண்டாம், வந்திருக்கிற சம்பந்தத்தை முடிப்போம் என்று வீட்டில் உம்மா சொல்லிவிட்டார். அது எனக்குத் தெரியாது. சிவப்புப் பேனையால் குறுக்கே வெட்டி முப்பத்திரண்டு போட்டேன். சித்தியடைய முப்பத்தைந்து வேண்டும். நான் எழுதுவித்த நோட்டைப் பார்த்துப் படித்தால் என்ன குறைந்தா போய்விடுவாய் என்று எரிந்தும் விழுந்தேன். அவள் தாளை நாலாக மடித்தாள்.

"நோட்டப் பாத்துத்தான் டீச்சர் ரெண்டு தரம் பெயிலானன். இந்த முற யோசிச்சுப் பாத்தன்."

பாயில் நடந்த மாஸ்டர்

அந்தப் பேச்சு மனதை அரித்தது. மறுநாள், அதே மண்டபத்தில் இரசாயனவியல் படிப்பித்த மாஸ்டரைப் பிடித்துக்கொண்டேன். இரண்டு கதிரைகளைப் பக்கம் பக்கமாக வைத்தோம். அவைதான் பிளவுகள். ஆளுக்கொரு கதிரையிலிருந்து ஒரே வேகத்தில் நடந்தோம். எதிர்ச்சுவரின் நடுவில் ஒரே நேரத்தில் வந்து சேர்ந்தோம். இரண்டு ஒளியும் அப்படி ஒன்றாக வந்து சேரும் இடத்தில்தான் நடு வெளிச்சப் பட்டை விழும். பிறகு மாஸ்டரின் வழியில் மட்டும் ஒரு பாயை விரித்து, பாயில் மெதுவாகத்தான் நடக்கவேண்டும் என்று சட்டம் போட்டேன். அதுதான் கண்ணாடி.

இப்போது நான் நடுவுக்கு வந்து சுவரோடு நிற்கிறேன், மாஸ்டரைக் காணோம். இரண்டு பேரும் ஒன்றாக வந்து சேரவேண்டுமென்றால், அவருக்குக் கிட்டவும் எனக்குத் தூரவும் உள்ள இடத்தில்தான் சந்திக்கமுடியும். அதாவது பாய் விரித்த பக்கம், கண்ணாடி மூடிய பக்கம், நுஸ்ரத் எழுதிய பக்கம். மாஸ்டர் நெற்றியைத் துடைத்தார்.

"பிந்தி வாறவனக் கிட்டத்துல போய்த்தான் ஏத்தணும் எண்டு எங்கட வேன்காரனுக்கே தெரியுமே டீச்சர்!"

அலுமாரிக்குள் இருந்த அட்டை

நுஸ்ரத் வகுப்புக்கு வரவில்லை. சம்பந்தக் கதையைக் கூட்டாளிப் பிள்ளை சொல்லித்தான் அறிந்தேன். அன்றைக்கே காத்தான்குடிக்குப் போனேன். அவள் மடித்துவைத்த தாளை வாங்கி, உம்மாவின் கண்முன்னால் என் வெட்டை வெட்டி, நாலு புள்ளி கூட்டி, முப்பத்தாறு போட்டேன். "பிழை என்ட, உங்கட மகள்ட இல்ல" என்றேன்.

உம்மா எழும்பினார். அலுமாரியைத் திறந்து, பூட்டி வைத்திருந்த பரீட்சை அனுமதி அட்டையை எடுத்து மகளின் கையில் கொடுத்தார். பிறகு என் பக்கம் திரும்பினார்.

"அப்ப, நீங்க சொல்லி எழுதின அந்த நோட்டுக் கொப்பிக்குள்ள இன்னும் எத்தின பிழ இருக்கு டீச்சர்?"

எல்லாருக்கும் தெரியும்

கேட்டது நியாயம். பரீட்சை வரைக்கும் நுஸ்ரத்தும் நானும் பக்கம் பக்கமாக அந்தக் கொப்பியைப் பார்த்தோம். இன்னும் இரண்டு பிழைகள் அகப்பட்டன, இரண்டையும் கண்டுபிடித்தது அவள்தான். அவள் பிறகு வந்தாறுமூலைக் கம்பஸுக்குப் படிக்கப் போனாள். பெறுபேறு வந்த அன்று நான் அழுததை என் வீட்டில் இன்னும் சொல்லிச் சிரிப்பார்கள்.

பரீட்சைக்கு முந்திய கடைசி வகுப்பில் எல்லாரிடமும் பிழையை ஒப்புக்கொண்டேன். திகைத்துப் போவார்கள் என்றுதான் எதிர்பார்த்தேன். ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். கடைசியில், அக்காமாரைத் தாத்தா என்று அழைக்கிற அஸ்மி எழும்பினான்.

"நுஸ்ரத் தாத்தா சொல்லி எங்களுக்கு அப்பவே தெரியும் டீச்சர். உங்களுக்கிட்ட ஆரு சொல்ற?"

ஆகவே தோழர்களே, வகுப்பு மூச்சுக்காட்டாமல் எழுதிக்கொண்டிருந்தால் பெருமைப்படுவதை ஒரு நிமிடம் நிறுத்திவிட்டு, உங்கள் நோட்டை ஒருமுறை எடுத்துப் பாருங்கள்.