பாவு போல் இழுக்கப்பட்ட கூந்தல்

உலக யுத்தம் முடிந்த ஆண்டு நடந்தது இது. தாயற்ற என் மகள் வள்ளிக்குச் சுருள்சுருளாக அடர்ந்த கூந்தல். அவளைப் பெண் பார்க்க ஆர்.கே.பேட்டையிலிருந்து வருவதாக இருந்தார்கள். அம்மையார்குப்பத்தில் நெசவு செய்யும் என் தமக்கை உதவிக்கு வந்தாள். சுருட்டை முடி வருபவர்களுக்குப் பிடிக்காது என்பது அவள் கவலை. பாவு நூலைக் கஞ்சி பூசி இழுத்துக் கட்டி நேராக்குவது போல், கூந்தலையும் நேராக்கிவிடலாம் என எண்ணினாள்.

எங்கள் ஊர் மலைமேல் முருகனைப் பாடித் தொழுது நான் திரும்புகையில், வள்ளியின் அலறல் தெருமுனை வரை கேட்டது. ஓடினேன். கஞ்சியில் விறைத்த கூந்தல் கயிற்றால் தூணோடு கட்டப்பட்டிருந்தது. தமக்கை அவள் முதுகில் முழங்காலை ஊன்றி, பாவுக்குக் கஞ்சி தேய்க்கும் தூரிகையால் அழுத்தி இழுத்து வாரிக்கொண்டிருந்தாள். காதோரத் தோல் கிழிந்து இரத்தம் வழிந்தது.

“தள்ளு தம்பி! நேராகிக்கினு வருது, கெடுத்துடாத!”

“நைனா, இது நூலு இல்ல, என் தலை!” என்று என்னைப் பார்த்துக் கதறினாள் வள்ளி.

தமக்கையின் கையை முறுக்கி விலக்கி, அரிவாளால் கயிற்றை அறுத்தேன். வள்ளியின் காதோரத்தில் இன்றும் முடி முளைக்கவில்லை.

எம்பெருமான் அளித்த சுருளை இப்போது நாங்கள் திருத்துவதில்லை. சீயக்காய் தேய்த்து, ஈரம் காயுமுன் எண்ணெய் தடவி, நுனியிலிருந்து விரலாலேயே வள்ளி சிக்கெடுக்கிறாள். பெண் பார்க்க வருவோரிடம் வாசலிலேயே சொல்லிவிடுகிறேன்:

“சுருட்டை முடிங்க. அதை இழுக்காதவங்க மட்டும் உள்ள வாங்க.”