அமிர்தநாதரின் கட்டைத் துவக்கு

முப்பத்தாறே முக்கால் அங்குலம். ஞாயிற்றுக்கிழமைப் பூசை முடிந்து வீட்டுக்கு வந்ததும் அமிர்தநாதர் சாப்பாட்டு மேசையில் கிடத்தும் பொருளின் நீளம் அது. சப்பாத்தைக் கழற்றுவார். படுக்கையறை அலுமாரிக்குள் இருக்கும் இரும்புப் பெட்டியைத் திறப்பார். தமிழ்க் கடை வாசலில் இலவசமாகக் கிடைக்கும் விளம்பரப் பத்திரிகையை மேசையில் விரிப்பார். வீடு விற்பனை முகவர்கள் பக்கத்துக்குப் பத்துப் பேர் கோட்டும் கழுத்துப்பட்டியுமாகச் சிரித்துக்கொண்டிருப்பார்கள். அந்தச் சிரிப்புகளுக்குக் குறுக்கே துவக்கைக் கிடத்துவார்.

விசைப் பூட்டைக் கழற்றி, உள்ளே ரவை இல்லை என்பதைக் கண்ணால் ஒரு தடவை, சுண்டுவிரலை விட்டு ஒரு தடவை பார்ப்பார். பிறகு பழைய பெனியன் துண்டில் ஒரு சொட்டு எண்ணெய். பத்து நிமிட வேலையை ஐம்பது நிமிடம் செய்வார். முடிந்ததும் பூட்டிவைத்துவிட்டு, பாண் துண்டு ஒன்றைச் சுட்டுச் சாப்பிடுவார். பதினோராம் மாடி வீட்டில் அவருடைய ஞாயிற்றுக்கிழமை அவ்வளவுதான்.

அவருக்கு வயது ஐம்பத்தொன்பது. ஊர் மன்னார்ப் பக்கம், பேசாலை. உயரம் ஐந்தடி ஓர் அங்குலம். ஸ்காபரோவில் அவரைத் தெரிந்தவர்கள் பெயரைச் சொல்வதில்லை, "கட்டை அண்ணை" என்பார்கள். அவருக்கு அதில் கோபம் இல்லை. குப்பை போடப் போகும்போதும் தபால் பெட்டியைப் பார்க்க இறங்கும்போதும் வேட்டைக்காரரின் செம்மஞ்சள் தொப்பியோடுதான் போவார். "ஆக்கள் என்னைக் காணாமல் இடிச்சுப்போட்டுப் போகினம். இது கிடந்தால் மானைத் தவிர எல்லாருக்கும் தெரியும்" என்பது அவருடைய விளக்கம்.

துவக்கு வாங்கியது ஐந்து வருடத்துக்கு முன். அவர் பாரந்தூக்கி ஓட்டிய அதே வெயர்ஹவுஸில் வேலை செய்த மாக்கஸ்தான் வகுப்புக்குக் கூட்டிப்போனார், சோதனை எழுதவைத்தார், லைசென்ஸ் வந்ததும் கடைக்கும் கூட்டிப்போனார். கடைக்காரர் முதலில் நீட்டிய துவக்கு அவருடைய தோளில் நிற்கவில்லை. பின்கட்டை அக்குளுக்குள் இடித்தது. தொலைநோக்கிக்கு எட்டக் கழுத்தை நீட்டவேண்டியிருந்தது. கடைக்காரர் தட்டின் கோடியிலிருந்து இன்னொன்றை எடுத்து வந்தார். பதின்வயதுப் பிள்ளைகளுக்கும் சிறிய உடம்புக்காரருக்கும் என்று செய்தது. கறுப்புப் பிளாஸ்ரிக் கட்டை, கட்டைக் குழல், கையால் போல்ற்றை இழுத்து இழுத்துச் சுடுவது. கடையில் இருந்ததில் மலிவானதும் அதுதான். அமிர்தநாதர் தோளில் வைத்துப் பார்த்தார். கனடாவில் இருபத்தொன்பது வருடத்தில், வெட்டித் தைக்காமல் அவருக்கு அளவாக இருந்த முதல் பொருள் அது.

"கட்டை ஆளுக்குக் கட்டைத் துவக்கு. மான் சிரிச்சுச் சிரிச்சே சாகப்போகுது" என்றார் மாக்கஸ்.

"சிரிக்கிற மானைச் சுடுறது சுகம்" என்றார் அமிர்தநாதர்.

கோயில் வாசலில் பகிடி வேறு மாதிரி வந்தது. "என்ன கட்டை அண்ணை, அங்க துவக்குக்குப் பயந்துதானே எல்லாரும் ஓடி வந்தனாங்கள். நீங்கள் இஞ்ச வந்து காசு குடுத்து வாங்கி வச்சிருக்கிறியள்." அமிர்தநாதர் செபமாலைப் பையைத் திறந்து, செபமாலையோடு வைத்திருக்கும் லைசென்ஸ் அட்டையை எடுத்து நீட்டுவார். "அங்க எல்லாற்ர கையிலயும் கிடந்தது. ஆரிட்டயாவது உப்பிடி ஒண்டு இருந்ததே? பேரும் படமும் பாரும்."

ஐந்து நவம்பர், ஒரே ஒரு மான். மூன்று மணித்தியாலம் வடக்கே கார் ஓடி, குத்தகைக்காரர் ஒருவரின் காட்டு ஓரத்தில், விழுந்து கிடக்கும் மரத்தில் குந்தியிருப்பார். பிளாஸ்கில் வெறுந்தேநீர். விடியலிலிருந்து நாலு மணி வரை அசையமாட்டார். இரண்டு வாரம் வேட்டைக் காலம். அந்த இரண்டு வாரத்துக்காகத்தான் மற்ற ஐம்பது வாரமும். அங்கே என்னதான் இருக்கிறது என்று கேட்டால், "அங்க யோசனை வராது. காது மட்டும்தான் வேலை செய்யும்" என்பார்.

யோசனை வருவதற்குக் காரணங்கள் இருந்தன. மகள் றெபேக்காவுக்கு மார்க்கம் நகரத்தில் இரண்டாவது பிள்ளை பிறந்தபோது, மனைவி அன்ரனெற் ஆறு மாதத்துக்கு என்று உடுப்புப் பெட்டியோடு போனார். இப்போது இரண்டு வருடமும் நாலு மாதமும். சண்டை ஒன்றும் இல்லை. மகளும் மருமகனும் வேலைக்குப் போகிறார்கள், பிள்ளைகளை யார் பார்ப்பது. முதலில் சனி ஞாயிறு வந்தார், பிறகு மாதத்துக்கு ஒன்று, பிறகு நத்தாருக்கும் உயிர்த்த ஞாயிறுக்கும். பெப்ரவரியில் வெயர்ஹவுஸை மூடினார்கள். பத்தொன்பது வருட வேலை. மாக்கஸ் மகனோடு கல்கரிக்குப் போய்விட்டார். ஏப்ரலில் குடும்ப டொக்ரர் நித்திரைக்கும் மனத்துக்கும் என்று இரண்டு குளிசை எழுதிக் கொடுத்தார். சமையலறைச் சுவரில் பங்குக் கோயில் கலண்டர் இன்னும் பெப்ரவரியிலேயே நிற்கிறது.

யூலையில் லைசென்ஸைப் புதுப்பிக்கும் படிவம் வந்தது. ஐந்து வருடத்துக்கு ஒரு தடவை நிரப்பவேண்டியது. அதில் கேள்விகள் இருந்தன. மனச்சோர்வுக்கு வைத்தியம் எடுத்தீர்களா? அண்மையில் வேலை இழந்தீர்களா, துணையைப் பிரிந்தீர்களா? ஆம் என்றால் விபரம் எழுதவும். விபரத்துக்கு நாலு வரி இடம்.

அமிர்தநாதர் நாலு தாள் எழுதினார்.

இதை விளங்கிக்கொள்ள 1991க்குப் போகவேண்டும். அகதிக் கோரிக்கை எழுத வழக்கறிஞரின் கந்தோருக்குப் போன இளைஞர் அமிர்தநாதரிடம் மொழிபெயர்ப்பாளர் சொன்னார்: "ஒண்டையும் விட்டிடாதையுங்கோ தம்பி. எவ்வளவு கஷ்டமோ அவ்வளவும் எழுதுங்கோ. கஷ்டம் குறைஞ்சால் கேசும் குறைஞ்சிடும்." அவர் பதினொரு பக்கம் சொல்லி எழுதுவித்தார். எட்டு மாதத்தில் ஏற்றுக்கொண்டார்கள். அவரோடு ஒரே பேஸ்மென்ற் அறையில் வாடகைக்கு இருந்த அகஸ்ரின் வெட்கப்பட்டு இரண்டு பக்கத்தோடு நிறுத்தினார், இரண்டு தடவை மறுக்கப்பட்டார். அன்றிலிருந்து அமிர்தநாதர் எந்தப் படிவத்துக்கும் கஷ்டத்தை முழுதாக எழுதுவார். முதுகு நோவுக்கு நட்டஈடு கேட்டபோது ஏழு பக்கம், கொடுத்தார்கள். தொலைபேசிக் கம்பனி தண்டம் போட்டபோது இரண்டு பக்கம், தண்டத்தை நீக்கினார்கள். இந்த நாட்டில் கஷ்டப்பட்டவனுக்குத்தான் தருவார்கள் என்பதில் அவருக்குச் சந்தேகமே இல்லை.

ஆகவே மூன்று நாள் இருந்து, வெயர்ஹவுஸ் ஆங்கிலத்தில், பெரிய எழுத்தில் எழுதினார். வேலை போனதை எழுதினார். முதுகை எழுதினார். மனைவி பேரப்பிள்ளைகளைப் பார்க்கிறாள், அது நல்ல காரியம், ஆனால் சாப்பிட்டாயா என்று கேட்க இங்கே ஒருவரும் இல்லை என்று எழுதினார். மூன்றாம் தாளில், இரவு படுக்கும்போது நாளைக்கு எனக்கு விடியாமல் இருந்தால் நல்லது என்று செபிக்கிறேன் என்று எழுதினார். கடைசி வரி: காட்டில் மட்டும்தான் எனக்கு இந்த எண்ணம் வருவதில்லை, ஆகையால் எனது லைசென்ஸைத் தயவுசெய்து புதுப்பித்துத் தரவும்.

தபாலில் போட்ட பிறகு கல்கரிக்கு எடுத்து, பிரதியை மாக்கஸுக்கு வாசித்துக் காட்டினார்.

"அட விசரா, உது என்ன அகதிக் கேசே?" மாக்கஸ் முதல் தாளிலேயே சிரிக்கத் தொடங்கிவிட்டார். "துவக்குக்கு எல்லாம் நல்லாக் கிடக்கு எண்டெல்லோ எழுதோணும்."

"பொய் எழுதச் சொல்லுறீரோ?"

"நாலு வரியில முடியும் எண்டு சொல்லுறன்."

மூன்றாம் தாளில் மாக்கஸின் சிரிப்பு நின்றுவிட்டது. நாலாம் தாள் முடிந்ததும், பின்னேரங்களில் ஒவ்வொரு நாளும் எடுக்கிறேன் என்றார். ஒன்பது நாள் எடுத்தார்.

ஒக்ரோபர் மூன்றாம் கிழமை லைசென்ஸ் அலுவலகத்திலிருந்து ஒரு பெண் தொலைபேசியில் வந்தார். நாற்பது நிமிடம் பேசினார். எப்படி நித்திரை, எப்படிச் சாப்பாடு, யாரோடு பேசுகிறீர்கள் என்று ஆறுதலாக ஒவ்வொன்றாகக் கேட்டார். அந்த மாதத்தில் அமிர்தநாதரோடு யாரும் அவ்வளவு நேரம் பேசவில்லை. மதியம் மாக்கஸுக்கு எடுத்து, "நல்ல பிள்ளை, எல்லாம் வடிவாக் கேட்டுது. தருவினம் போலதான் கிடக்கு" என்றார்.

அந்த நல்ல பிள்ளை அடுத்ததாக அன்ரனெற்றுக்கு எடுத்தார்.

வியாழக்கிழமை காலை பதினொரு மணிக்கு அன்ரனெற் இரண்டு பஸ் மாறி வந்து இறங்கினார். றெபேக்கா வேலைக்கு வெள்ளிக்கிழமை பின்னேரம் மூன்று மணி வரைக்கும் லீவு சொல்லியிருந்தாள். அன்ரனெற் கோட்டைக் கழற்றவில்லை. குளிர்ப்பெட்டியைத் திறந்து பார்த்தார், மூடினார். கலண்டரைப் பார்த்தார். பிறகு கையை நீட்டினார்.

"என்னத்தை எழுதினனீங்கள் எண்டு தாங்கோ பாப்பம்."

பிரதியைக் கொடுத்தார். அன்ரனெற் கண்ணாடியைப் போட்டு, நின்றபடியே நாலு தாளையும் வாசித்தார். மூன்றாவதைத் திரும்பவும் வாசித்தார். பிறகுதான் கதிரையில் இருந்தார்.

"இஞ்சேரப்பா, இது மெய்யோ? இல்லாட்டிக் கேசுக்கு எழுதின மாதிரியோ?"

"கேசுக்கும் மெய்தானே எழுதினது."

அன்ரனெற் தாள்களை ஒன்றாக அடுக்கி மேசையில் வைத்தார்.

"எனக்கு ஒரு சொல்லுச் சொல்லியிருக்கலாமே."

"சொன்னால்? பிள்ளையளை விட்டிட்டு வந்திருப்பியே?"

அன்ரனெற் கண்ணாடியைக் கழற்றிக் கோட்டு நுனியில் துடைத்தார். "அந்தப் பெட்டை என்னட்டக் கேக்குது, உங்கட கையில துவக்கு இருக்கிறது எனக்குப் பயமோ எண்டு. உங்களுக்கு ஏதும் செய்துபோடுவியளோ எண்டு. ஆளைப் பாத்திட்டுச் சொல்லுறன் எண்டு வச்சிட்டன்."

"பயமில்லை எண்டு சொல்லு."

"நான் பொய் சொல்லோணுமோ?"

"பொய் இல்லை. வேட்டைக்கு இன்னும் பதினொரு நாள்தான் கிடக்கு." அமிர்தநாதர் விரல்களால் மேசை விளிம்பைத் தடவினார். "அது போச்செண்டால் எனக்கு நவம்பரும் இல்லை, அன்ரனெற்."

"இஞ்ச என்ர முகத்தைப் பாத்துச் சொல்லுங்கோ. போன கிழமை அந்தப் பெட்டியைத் திறந்தனீங்களோ?"

"ஞாயிற்றுக்கிழமை துடைக்கத் திறந்தனான்."

"வேற நாள்?"

அவர் முகத்தைப் பார்க்கவில்லை. படுக்கையறைப் பக்கம் பார்த்தார். அன்ரனெற் கைப்பையிலிருந்து தொலைபேசியை எடுத்து, தாளில் குறித்து வைத்திருந்த இலக்கத்தை அழுத்தி, இருவருக்கும் கேட்கும்படி மேசை நடுவில் வைத்தார்.

அதே பெண், அதே ஆறுதலான குரல். அன்ரனெற் தன் பெயரைச் சொன்னார், கணவரின் வீட்டிலிருந்து பேசுவதாகச் சொன்னார். அந்தப் பெண் நேற்றுக் கேட்ட கேள்வியையே திரும்பவும் கேட்டார். அவர் தனக்கே தீங்கு செய்துகொள்வார் என்ற பயம் உங்களுக்கு இருக்கிறதா?

அன்ரனெற் மேசைக்கு எதிர்ப்பக்கம் இருக்கும் மனிதரைப் பார்த்தார். முப்பத்திரண்டு வருடக் குடித்தனத்தில் ஆங்கிலத்தில் பதில் சொல்லவேண்டி வந்தபோதெல்லாம் அவர் அப்படித்தான் பார்ப்பது வழக்கம். என்ன சொல்வது என்று அமிர்தநாதர்தான் எடுத்துக் கொடுப்பார். வங்கியில், ஆஸ்பத்திரியில், றெபேக்காவின் பள்ளிக்கூடத்தில்.

தொலைபேசியில் அந்தப் பெண், நான் காத்திருக்கிறேன், அவசரமில்லை என்றார்.

அமிர்தநாதர் நிமிர்ந்தார். ஒரே ஒரு தடவை தலையை மேலும் கீழும் அசைத்தார்.

"ஓம் எண்டு சொல்லு" என்றார் மெதுவாக.

அன்ரனெற் சொன்னார்.

பின்னேரம் ஐந்து மணிக்கு முன்னர் இரண்டு பொலிஸார் வந்து துவக்கைக் கொண்டுபோவார்கள் என்று அந்தப் பெண் அறிவித்தார். அதுவரைக்கும் பெட்டியைப் பூட்டி அதன் திறப்பு உங்களிடம் இருக்கட்டும், அவரைத் தனியே விடவேண்டாம் என்றார். வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்கு டொக்ரரைப் பார்க்க நேரம் கிடைத்திருக்கிறது. அன்ரனெற் இரவு இங்கே தங்கிக் கூடப் போவார். அது முடிந்து, அன்றைக்கே மூத்த பேத்தியை மூன்றேகாலுக்குப் பள்ளிக்கூடத்தில் எடுக்கவேண்டும், ஒன்றரை மணிக்கு மார்க்கம் போகும் பஸ் இருக்கிறது.