தோள் மாற்றும் வளைவு

நாடு சுதந்திரம் பெற்ற சில வருடங்களில் நான் தேயிலைத் தோட்டங்கள் சூழ்ந்த பதுளையில் ஒரு தர்ம ஆஸ்பத்திரியில் தாதியாக வேலை செய்தேன். கன்னியாஸ்திரிகள் நடத்திய ஆஸ்பத்திரி. டாக்டரும் அவர்களில் ஒருவர். வெள்ளைக்காரர், தமிழ் அவ்வளவாகத் தெரியாது. ஊரில் அரசாங்க ஆஸ்பத்திரி இருந்தும், நமுனுகுல மலைப் பக்கத்துத் தோட்டத்து மக்கள் எங்களிடமே வந்தார்கள். அதற்குப் பக்தி காரணமல்ல. மலையிறங்கி வருகிறவர்களுக்கு முதலில் எட்டுவது எங்கள் வாசல்தான்.

ஓர் அடைமழைக் காலத்தில், மூங்கிலில் கட்டிய கம்பளிக்குள் ஒரு பெண்ணை நான்கு ஆண்கள் சுமந்து வந்தார்கள். கொழுந்து பறிக்கிறவள், தலைப்பிரசவம். முந்தின நாளே வலி கண்டிருக்கிறது. தோட்டத்து மருந்துக்காரர் தன்னால் முடியாது என்று சொல்லி, லொறியில் அனுப்புவதாக இருந்தாராம். மண் சரிந்து பாதை அடைபட்டதால் லொறி வரவில்லை. காத்திருந்து பார்த்துவிட்டு, புருஷனும் அவன் தம்பிமாரும் பக்கத்து லயத்து வீட்டு ஆள் ஒருவரும் தூக்கிக்கொண்டு கிளம்பிவிட்டார்கள்.

டாக்டரம்மா ஆபரேஷன் செய்தார். தாய் பிழைத்தாள். பிள்ளை வயிற்றிலேயே இறந்திருந்தது. புருஷனிடம் அதைச் சொன்னவள் நான்தான். அவள் எழுந்து நடப்பாளா என்று மட்டும் கேட்டான். நடப்பாள் என்றேன். வெளியே போய்ச் சுவரைப் பார்த்துக்கொண்டு நின்றான்.

அவள் தேறிய பிறகு, பிள்ளையின் அசைவு எப்போது நின்றது என்று டாக்டரம்மா என் மூலம் கேட்டார். தாதியான என்னை அவள் மிஸி என்றுதான் கூப்பிடுவாள்.

"பாலத்துக்கு மேல ஒரு வளைவு இருக்குங்க மிஸி. தோள் மாத்த அங்க எறக்கி வச்சாங்க. அது வரைக்கும் புள்ள அசைஞ்சிச்சு. அதுக்கப்புறம் இல்ல."

எல்லோரும் அங்கேதான் இறக்கி வைப்பார்களா என்று டாக்டரம்மா கேட்கச் சொன்னார்.

"ஆமாங்க. எல்லாத் தோட்டத்துப் பாதையும் அங்கதானே சேருது. அங்க வைத்தியம் தெரிஞ்ச ஒரு ஆள் இருந்திருந்தா என் புள்ள பொழைச்சிருக்குமான்னு கேளுங்க மிஸி."

கேட்டேன். பிழைத்திருக்கலாம் என்றார் டாக்டரம்மா. அதை அப்படியே சொல்லச் சொன்னார். எனக்குத் தயக்கமாக இருந்தும் சொன்னேன்.

மழை விட்டதும் இருவரும் அந்த வளைவுக்குப் போனோம். மலையிலிருந்து ஒரு பீலி வழியே கொட்டும் தண்ணீர், சுற்றிலும் புல் தேய்ந்த தரை, அவ்வளவுதான். அங்கே வாரம் ஒருநாள் மருந்து கொடுக்க இடம் கேட்டதற்குத் தோட்டத்தை நிர்வகித்த துரை மறுத்துவிட்டார். வெளியார் வந்தால் தொழிற்சங்கப் பேச்சும் கூடவே வரும் என்பது அவர் கவலை. பாதையோரத் துண்டு நிலம் துரைக்குச் சொந்தமில்லை என்று தெரிந்ததும், டாக்டரம்மா அரசாங்க அலுவலகமான கச்சேரிக்கு நடையாக நடந்து அனுமதி வாங்கினார். தகரக் கொட்டகை எழுந்தது. புதன்கிழமைகளில் நான் போனேன். பிரசவம் சிக்கலாகும் என்று தோன்றியவர்களை முன்கூட்டியே டவுனுக்கு வரச் சொன்னோம். சிலர் வந்தார்கள். சிலரை மாமியார்மார் விடவில்லை.

அந்தப் பெண் மறுபடி உண்டானபோது, மாதம் நெருங்குமுன்பே தானாக வந்து எங்கள் வார்டில் படுத்துக்கொண்டாள். பெண் குழந்தை பிறந்தது. டாக்டரம்மா தூக்கிக் காட்டியபோது அவள் சிரிக்கவில்லை. பிள்ளையின் காலைப் பிடித்து, அது உதைக்கிறதா என்று பார்த்தாள்.

பிறகு அந்த வழியில் பஸ் ஓடத் தொடங்கியது. பஸ் ஏறி நேராக டவுனுக்கே வந்ததால், கொட்டகைக்கு வருகிறவர்கள் குறைந்தார்கள். ஒரு புதன்கிழமை யாருமே வரவில்லை. அடுத்த வாரம் நாங்களும் போகவில்லை.