டெல்மர் ரூட் இரண்டு முறை உருட்டிய தரை

ஹார்லன் ஃபால்ஸ் ஊரில் பேஸ்பால் அணி என்றால் மஸ்க்ராட்ஸ் அணிதான். தண்ணீரில் திரியும் ஒரு வகை எலியின் பெயரை யாராவது அணிக்கு வைப்பார்களா என்று கேட்டுப் பயனில்லை. 1996-இல் அணி தொடங்கியபோது பெயர் வைக்கும் வேலையைப் பள்ளிப் பிள்ளைகளிடம் விட்டார்கள். பிள்ளைகள் தங்கள் கைவரிசையைக் காட்டிவிட்டார்கள். அணியின் முதல் முதலாளி டிராக்டர் விற்பவர். அவருக்குப் பிறகு பல் மருத்துவர்களான அண்ணனும் தம்பியும் வாங்கினார்கள். அவர்களும் கைகழுவிய பிறகு மினியாபொலிஸில் வசிக்கும் ஒரு பெண்மணியிடம் போனது. இதற்கிடையே அணி ஆடிய லீக் மூன்று தடவை கலைந்து, மூன்று தடவை வேறு பெயரில் முளைத்தது. மாறாதவை இரண்டு. ஒன்று, ரயில் பாதையை ஒட்டிய அந்த மைதானம். மற்றொன்று, அதைப் பராமரித்த டெல்மர் ரூட்.

டெல்மர் ஊர்ப் பள்ளிக்கூடத்தில் கொதிகலனைப் பார்த்துக்கொள்ளும் வேலையில் இருந்தார். கோடையில் பள்ளிக்கு விடுமுறை. "ரெண்டு வாரம் வந்து புல்லு மட்டும் வெட்டிக் குடு, அதுக்குள்ள வேற ஆள் பாத்துக்கறேன்" என்று டிராக்டர்காரர் கூப்பிட்டார். வேறு ஆளை யாரும் பார்க்கவேயில்லை. டெல்மரும் கேட்கவில்லை. நாளடைவில் பள்ளிக்கூட வேலையை விட்டார், மைதானத்தை விடவில்லை.

இந்த மாதிரி அணிக்குப் பின்னால் பெரிய அணி எதுவும் கிடையாது. சில சின்ன ஊர்களுக்குப் பெரிய அணிகள் தங்கள் இளைஞர்களை அனுப்பிச் சம்பளமும் கொடுக்கும். ஹார்லன் ஃபால்ஸுக்கு அவர்களால் வேண்டாம் என்று கழித்துவிடப்பட்டவர்கள்தான் வருவார்கள். மறுபடி யாராவது கூப்பிட மாட்டார்களா என்று பார்த்துக்கொண்டே ஆடுவார்கள். தங்க இடம் எடுக்கும் அளவுக்குச் சம்பளம் இல்லாததால் ஊர்க்காரர்கள் ஆளுக்கொருவரைக் கோடை முழுக்கத் தங்கள் வீட்டில் வைத்துக்கொள்வார்கள். டெல்மரின் மனைவி ஆர்லிஸ் வருடா வருடம் ஒருவனை வாங்கிக்கொள்வார். ஆம், வாங்கிக்கொள்வார் என்றுதான் அந்த ஊரில் சொல்வார்கள், நாய்க்குட்டியைச் சொல்வதுபோல. பெரும்பாலானவர்கள் ஒரு கோடையோடு சரி. லூயிசியானாவிலிருந்து வந்த ரெமி ஃபோன்ட்னோ மட்டும் மூன்றாவது கோடையாக அந்த வீட்டின் கீழ் அறையில் இருந்தான்.

ஆர்லிஸ் அரைத்த இறைச்சியும் உருளைக்கிழங்கும் சேர்த்துச் சுட்டு வைக்கும் ஹாட்டிஷ் மேல் ரெமி மிளகாய்ச் சாஸை ஆறாக ஊற்றுவான். "என் சமையல்ல அப்படி என்னடா குறை?" என்பார் ஆர்லிஸ். "குறையெல்லாம் ஒண்ணுமில்ல ஆர்லிஸம்மா, ருசிதான் இல்ல" என்பான். இப்படி ஒரு பேச்சை டெல்மர் பேசியிருந்தால் அன்று பட்டினிதான். அவர்களுக்குப் பிள்ளைகள் இல்லை. ரெமி அந்த வீட்டில் என்னவாக இருந்தான் என்று யாரும் எடுத்துச் சொல்ல வேண்டியதில்லை.

ரெமி பந்து எறிபவன். அவன் எறியும் பந்து மட்டைக்காரனை நெருங்கியதும் சட்டென்று கீழே இறங்கும். மட்டையில் பட்டாலும் தரையில்தான் போய் விழும். தரை ஈரமாகவும் புல் நீளமாகவும் இருந்தால் அந்தப் பந்து சோர்ந்துபோய் நம் ஆட்கள் கைக்கு வந்து சேரும். தரை இறுகிப் புல்லும் ஒட்ட வெட்டியிருந்தால் அதே பந்து அவர்கள் கால்களுக்கிடையே பாய்ந்துவிடும். எனவே ரெமி எறியும் நாட்களில் டெல்மர் விடியற்காலையிலிருந்தே தண்ணீர் விடுவார். இதில் ஒளிவு மறைவு ஒன்றுமில்லை. எல்லா ஊரிலும் மைதானக்காரர்கள் தங்கள் ஆளுக்கேற்பத்தான் தரையைத் தயார் செய்வார்கள். நடுவர்களுக்கும் தெரியும்.

அந்த வருடம் சொந்த ஊரில் கடைசி லீக் ஆட்டம் ஆஷ்டன் அணியோடு. ஆஷ்டன் அடுத்த சுற்றுக்கு ஏற்கெனவே போய்விட்டது. மஸ்க்ராட்ஸ் போக வேண்டுமானால் அன்று ஜெயிக்க வேண்டும். போகாவிட்டால் அணியை டெக்சாஸில் ஒரு ஊருக்கு விற்றுவிடுவதாக மினியாபொலிஸ் அம்மாள் வெளிப்படையாகவே சொல்லியிருந்தார். ஊரே அதைத்தான் பேசிக்கொண்டிருந்தது. எறியப்போகிறவன் ரெமி. டெல்மர் அன்று காலை விட்ட தண்ணீரில் நெல்லே நட்டிருக்கலாம்.

மதியம் மூவரும் வீட்டில் சாப்பிட்டுக்கொண்டிருந்தபோது ரெமியின் போன் அடித்தது. பேசியது மேனேஜர் க்ரைடர். ரெமி "சரி கோச்" என்று மட்டும் சொல்லி வைத்தான். அந்தக் குரலில் வரும் "சரி கோச்" எதற்கென்று இந்த மாதிரி வீடுகளில் எல்லோருக்கும் தெரியும்.

"எங்க அனுப்புறாங்க?" என்றார் ஆர்லிஸ்.

"ஆஷ்டனுக்கு. தரைப் பந்தைத் தடுக்கிற நம்ம ஷார்ட்ஸ்டாப்புக்குக் கை ஒடைஞ்சிருக்குல்ல, அந்த எடத்துக்கு அவங்க ஆள் ஒருத்தனைத் தர்றாங்க. பதிலுக்கு நான். எறியறதுக்கு வேற ஆள் இருக்கானாம். ஆள் மாத்திக்க இன்னைக்குத்தான் கடைசி நாளாம்."

"ஆஷ்டன் டீம் இங்கதானடா வந்திருக்கு?"

"அதான் நல்லதாப் போச்சு. பஸ் செலவு மிச்சம். மைதானத்தைக் குறுக்கக் கடந்தாப் போதும்."

டெல்மர் சிரித்தார். ஆர்லிஸ் சிரிக்கவில்லை. "ராத்திரி இங்கதான் வந்து படுக்கணும். எவன் சட்டையைப் போட்டா என்ன, கட்டில் உன்னோடதுதான்" என்றார். ரெமி தலையாட்டினான். மிச்சமிருந்த ஹாட்டிஷைச் சாஸ் ஊற்றாமல் தின்று முடித்தான்.

டெல்மர் மைதானத்துக்குத் திரும்பிய கொஞ்ச நேரத்தில் க்ரைடர் மூச்சிரைக்க ஓடிவந்தார்.

"டெல்மர், காயவை. எல்லாத்தையும் காயவை. இன்னைக்கு அவங்களுக்கு ரெமி எறியறானாம்!"

"தண்ணி விடச் சொன்னதே நீதானேய்யா?"

"அப்ப அவன் நம்ம ஆளு."

"தூக்கிக் குடுத்ததும் நீதானே?"

"அடுத்த சுத்துக்கு வச்சுக்குவாங்கன்னு நெனைச்சேன். இன்னைக்கே எறக்குவாங்கன்னு யாரு கண்டா? பெரிய டீமுக்கு ஆள் பாக்கறவன் ஒருத்தன் ரெமியைப் பாக்கத்தான் வந்திருக்கானாம். வந்தவனுக்குக் காட்டுவோமேன்னு அவங்க மேனேஜர் பெரிய மனசு பண்ணிட்டான். புல்லை வெட்டு, மண்ணைக் காயவை, ஒரு தடவை உருளையை ஓட்டு. போதும்."

க்ரைடர் போனதும் ஆர்லிஸ் வந்தார். ஆட்ட நாட்களில் அவர் வேலியோரத்தில் சாசேஜ் கடையைப் பார்த்துக்கொள்வார். சேதி அங்கே முன்பே போய்ச் சேர்ந்திருந்தது.

"நீ ஒண்ணையும் தொடாதே, டெல்மர். அவனுக்குன்னு போட்ட தரை. அப்படியே கெடக்கட்டும்."

"தோத்தா டீம் போயிடும், ஆர்லிஸ்."

"போனாப் போகட்டும். அவனுக்கு அடுத்த வருஷம் இருபத்தொம்பது. இனிமே அவனைப் பாக்க எவனும் வரமாட்டான். உனக்கே தெரியும்."

டெல்மருக்குத் தெரியும். இத்தனை கோடைகளில் வந்து போனவர்கள் எல்லோரையும் அவர் பார்த்திருக்கிறார். அந்த வயதுக்குப் பிறகு பெரிய அணிக்குப் போனவன் ஒருவனுமில்லை. ஆனால் மேனேஜர் சொல்லிவிட்டார். சொன்னதைச் செய்யாமலிருக்க முடியாது என்று மனைவியிடம் சொன்னார். ஆர்லிஸ் கடைக்குத் திரும்பினார்.

டெல்மர் புல்லை ஒட்ட வெட்டினார். ஈரத்தை உறிஞ்சும் களிமண் பொடியை மூட்டை மூட்டையாகக் கொட்டிக் கிளறினார். வெயிலும் நன்றாகக் காய்ந்தது. பிறகு தரையை இறுக்கும் உருளை வண்டியில் ஏறி ஒரு தடவை ஓட்டினார். இறங்கி வந்து குதிகாலால் அழுத்திப் பார்த்தார். கொஞ்சம் அமுங்கியது. யாருக்கும் சாதகமில்லாத தரை. ரெமி நன்றாக எறிந்தால் அவனுக்கும் பிழைக்க வழி உண்டு. க்ரைடர் கேட்டது அவ்வளவுதான், உருளையைக் கொட்டகைக்குக் கொண்டுபோய் விட்டிருக்கலாம்.

அவர் காலி இருக்கைகளைப் பார்த்தார். தோற்றால் அடுத்த கோடையில் இங்கே யாரும் வரமாட்டார்கள். அவருக்கு அந்த அணி என்றால் உயிர். வேலை என்று சொல்லிச் சொல்லி அதைத் தனக்கே மறைத்து வைத்திருந்தார். உருளையின் மேல் மறுபடி ஏறினார். இரண்டாவது தடவை, முதல் தடவையைவிட நிதானமாக, ஒரு இடம் விடாமல் ஓட்டினார். முடிந்தபோது குதிகால் அமுங்கவில்லை.

மாலையில் ரெமி ஆஷ்டன் அணியின் சாம்பல் நிறச் சட்டையில் வந்தான். மட்டைக்காரன் நிற்கும் இடத்துக்கு முன்னால் நின்று குதிகாலை ஊன்றினான். இன்னொரு தடவை ஊன்றினான். பிறகு கோடு போட்டுக்கொண்டிருந்த டெல்மரிடம் நடந்துவந்தான்.

"ரெண்டு தடவையா, டெல்மர் சார்?"

"ஆமா."

"க்ரைடர் சொன்னாரா?"

"ஒரு தடவைதான் சொன்னான்."

ரெமி குனிந்து மண்ணை விரலால் தட்டிப் பார்த்தான். "நல்லா வந்திருக்கு" என்று சொல்லிவிட்டுப் போனான். குத்திக்காட்டிச் சொல்லியிருந்தால் டெல்மருக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும். அவன் உண்மையாகவே சொன்னான்.

ஆட்டத்தைப் பற்றி அதிகம் சொல்ல ஒன்றுமில்லை. முதல் மூன்று மட்டைக்காரர்களையும் ரெமி தரையில்தான் அடிக்க வைத்தான். மூன்று பந்துகளும் ஈரத் தரையில் செத்திருக்க வேண்டியவை. மூன்றும் ஆட்களைத் தாண்டிப் பாய்ந்தன. தரை கைவிட்டதும் அவன் பந்தை மேலே எறிந்து பார்த்தான். அது அவனுக்குக் கைவந்ததல்ல. ஒன்று வேலியைத் தாண்டிப் போனது. ஊர்க்காரர்கள், அவனைத் தெருவில் பார்த்தால் வண்டியை நிறுத்திப் பேசுகிற அதே ஊர்க்காரர்கள், "வீட்டுக்குப் போ ரெமி, ஆர்லிஸ் சாப்பாடு வச்சிருக்கா!" என்று கத்தினார்கள். மூன்றாவது இன்னிங்ஸில் அவனை வெளியே எடுத்துவிட்டார்கள்.

ஆள் பார்க்க வந்தவர் அப்போதே எழுந்து சாசேஜ் கடைக்குப் போனார். அவர் யாரென்று ஆர்லிஸுக்குத் தெரியும்.

"இன்னும் ஆட்டம் பாக்கி இருக்கே?" என்றார் ஆர்லிஸ்.

"நான் பாக்க வந்தது முடிஞ்சுது."

"தரை இன்னைக்குக் கொஞ்சம் இறுகிப்போச்சு. மத்த நாள்ல பாத்திருந்தா தெரியும்."

"எல்லாப் பசங்க வீட்லயும் இப்படித்தாம்மா சொல்வாங்க. கடுகு சாஸ் இருக்கா?"

ஆர்லிஸ் கடுகு சாஸை எடுத்துக் கொடுத்தார்.

மஸ்க்ராட்ஸ் ஜெயித்தது. மினியாபொலிஸ் அம்மாளும் சொன்ன சொல்லைக் காப்பாற்றினார். அணி அதன் பிறகும் நாலு கோடை அந்த ஊரில் ஆடிவிட்டுத்தான் மூடியது. அன்று அது யாருக்கும் தெரியாது. ஊர் தப்பித்தது என்பது மட்டும் தெரியும். கார்கள் ஹாரன் அடித்தன, முன்பின் தெரியாதவர்கள் கட்டிக்கொண்டார்கள். க்ரைடர் ஓடிவந்து டெல்மரின் முதுகில் ஓங்கி அறைந்து, "இது உன் ஆட்டம்யா!" என்றார்.

சொந்த ஊரில் வருடத்தின் கடைசி லீக் ஆட்டம் முடிந்ததும் மைதானக்காரரை நடுவில் கூப்பிட்டு நிறுத்துவது அங்கே வழக்கம். ஒலிபெருக்கியில் பெயர் வந்ததும் டெல்மர் போய் நின்றார். மற்ற வருடங்களில் பாதிப் பேர் வாசலை நோக்கி நடந்துகொண்டே கைதட்டுவார்கள். அன்று ஒருவரும் நகரவில்லை, எல்லோரும் எழுந்து நின்றார்கள். எதிரணியின் கூடாரத்தில் தோளில் பனிக்கட்டிப் பையைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ரெமியும் எழுந்தான். வலது கையைத் தூக்க முடியாமல் இடது கையால் தொடையில் தட்டினான். கடையை மூடிவிட்டு முதல் வரிசையில் வந்து உட்கார்ந்திருந்த ஆர்லிஸ் எழுந்திருக்கவில்லை. இரண்டு கைகளும் அவர் மடியில் இருந்தன.

டெல்மர் தொப்பியைக் கழற்றினார். இந்த இருவரில் யாரைப் பார்ப்பதென்று அவருக்குத் தெரியவில்லை. கைதட்டல் அடங்கும்வரை தரையைப் பார்த்துக்கொண்டே நின்றார்.