சேத்துராணியின் தராசு

எண்ணெய்க் கிணறு தோண்டும் ரிக்கில் சேறு கலக்குவது அவள் வேலை. படித்த படிப்புக்கு மட் இன்ஜினியர் என்று பெயர். மேலே நின்று துளை போடும் கூட்டம் வைத்த பெயரோ சேத்துராணி. அவளுக்கும் அதில் உள்ளூரப் பெருமைதான். "என்னம்மா, இன்னிக்கு என்ன சமையல்?" என்று யாராவது தொட்டியை எட்டிப் பார்த்தால், "கெட்டிக் கஞ்சி. ஒரு டம்ளர் ஊத்தவா?" என்பாள்.

பூமிக்கடியில் வாயு, எப்போது மேலே பாயலாம் என்று முட்டிக்கொண்டு நிற்கும். துளை நிறைய நிற்கும் சேற்றின் கனம்தான் அதை அமுக்கி வைக்கிறது. கனத்துக்குச் சேர்ப்பது பேரைட் என்ற கல்லின் தூள். பார்க்கச் சின்ன மூட்டை. அலட்சியமாகத் தூக்கினால் இடுப்பு பிடித்துக்கொள்ளும். அளவுக்கு மீறிப் போட்டால் அடியில் பாறை பிளந்து சேறெல்லாம் அதற்குள் ஓடிவிடும்.

மேலே துளை போடும் டிரில்லர் அவளுடைய கணவன்தான். ஆனால் ரிக்குக்குள் நுழைந்தால் அவன் டிரில்லர், அவள் மேடம். வீட்டு அழைப்பெல்லாம் வாசலோடு சரி.

அன்று மதியம் சாப்பிட்ட கையைக் கழுவக்கூட நேரமில்லை. யாரும் எதுவும் ஊற்றாமலே தொட்டியில் சேறு ஏறியது. கீழே வாயு புகுந்து சேற்றை வெளியே தள்ளுகிறது! அவள் மைக்கைப் பிடிப்பதற்குள் அவன், சேற்றைத் துளைக்குள் தள்ளும் பம்பை நிறுத்தி, பெரிய வால்வால் கிணற்றின் வாயை அடைத்துவிட்டான். அழுத்தம் காட்டும் முள் எங்கே போய் நின்றது என்று கேட்டு, எவ்வளவு கனம் வேண்டும் என்று அவள் கணக்குப் போட்டாள்.

"பேரைட்டைக் கொண்டாங்கப்பா! இன்னிக்கு ஒரு கை பார்த்துடலாம்!"

எத்தனையோ தொட்டி கலக்கியிருக்கிறாள். சீறும் கிணற்றுக்குக் கலக்குவது இதுதான் முதல் தடவை. கால் தரையில் பாவவில்லை. தொட்டிக்கு மேலிருந்த புனலின் வாயில் மூட்டைகள் கிழிபட்டன. தூள் பறந்து எல்லார் மீசையும் நரைத்தது.

"ஒரே நாள்ல கிழவனாயிட்டேம்மா!" என்றார் மூட்டைக்காரர்.

"பென்ஷன் அப்புறம் வாங்கிக்கலாம். அடுத்ததைக் கிழிங்க!"

கோப்பையில் சேற்றை மொண்டு மூடினாள். மூடியின் துளை வழியே பிதுங்கியதைத் துடைத்துவிட்டுத் தராசில் நிறுத்தாள். கணக்குப் போட்ட எடை, அச்சாக! குதிக்காத குறைதான். மைக்கில், "ரெடி, டிரில்லர்!" என்றாள்.

கோப்பையைக் கழுவக் குனிந்தபோதுதான் உறைத்தது. அவசரத்தில் எங்கே மொண்டாள்? புனலுக்கு நேர் கீழே, தூள் வந்து கொட்டுகிற இடத்தில். பம்ப் உறிஞ்சுவதோ தொட்டியின் மறு கோடியில். அங்கே சேறு இன்னும் நீர்த்துத்தான் கிடக்கும். அந்தச் சேற்றை நம்பி அவன் கிணற்றைத் திறந்தால், வாயு அவன் காலடியில்தான் கிளம்பும்.

"டிரில்லர், நிறுத்துங்க!" மைக்கில் ஏற்கெனவே நாலு குரல்கள் கத்திக்கொண்டிருந்தன. அதில் இதுவும் கரைந்துபோனது.

"என்னங்க! நிறுத்துங்கன்னா!"

ஒலிபெருக்கிகள் அத்தனையிலும் அந்த 'என்னங்க' முழங்கியது. அவன் கை அப்படியே நின்றது. யாரோ களுக்கென்று சிரித்தார்கள். சிரித்தால் சிரிக்கட்டும்.

"தப்பு என்னோடதுதான். புனல்கிட்ட மொண்டுட்டேன். தொட்டி முழுக்கக் கலங்கணும், பொறுங்க."

"சரி, மேடம்" என்றான். மறு கேள்வி கேட்கவில்லை.

மறு கோடியில் நிறுத்துப் பார்த்தால் எடை நன்றாகவே குறைந்திருந்தது. மறுபடி மூட்டை, மறுபடி கலக்கல். இந்தத் தடவை நாலு மூலையிலும் மொண்டு நிறுத்தாள். எங்கும் ஒரே எடை.

பம்ப் மெல்ல ஓடியது. முள் இறங்குவதை அவன் மைக்கில் சொல்லச் சொல்ல, அவள் குறித்துக்கொண்டே வந்தாள். பக்கத்துக் குழாய் வழியே வெளியேறிய வாயு தூரத்தில் எரிந்து தீர்ந்தது. புதுச் சேறு துளை நிறைய ஏறிய பிறகு, அவன் பெரிய வால்வைத் திறந்தான்.

சேறு இம்மிகூட அசையவில்லை.

ரிக்கே ஓவென்று கத்தியது. மூட்டைக்காரர் தொப்பியைக் கழற்றி வீசினார். அவள் இரண்டிரண்டு படியாகத் தாவி மேலே ஓடினாள். அவனைக் கண்டதும், அதுவரை வராத அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

"அதான் கிணத்தை அடக்கியாச்சே, இப்ப எதுக்கு அழற?"

"கிணறு போனா வேற எடத்துல தோண்டிக்கலாம்" என்றாள். "அதுமேல நீங்கல்ல நின்னீங்க."