உச்சிக்கு ஏறி இறங்கும் தண்ணீர்

இலங்கையில் கந்தப்பளைக்கு மேலே ஒரு தேயிலைத் தோட்டத்தில், மோட்டார் போட்டு நிறுத்துவது நாகலெட்சுமியின் வேலை. ஓடைத் தண்ணீரை மோட்டார் மலையுச்சித் தொட்டிக்கு ஏற்றும். அங்கிருந்து இறங்கி அது லயம் எனும் வரிசை வீடுகளில் வாழும் தொழிலாளரின் லீக்ஸ், கரட் காய்கறிப் பாத்திகளுக்கு வரும். கொழுந்து பறிக்கும் சம்பளம் போதாத நாற்பது குடும்பங்களுக்கு அந்தப் பாத்திகள்தான் சோறு.

தை மாதம் கண்டாக்கு விஜிதரன் வந்தார். வேலை வாங்கும் அதிகாரி அவர்.

"கரண்ட் பில்லு எகிறுது. மாசக் கடைசிக்குள்ள யூனிட் பாதியா குறையணும். இல்லாட்டி பம்புக்குப் பூட்டு."

"பாத்தி காஞ்சிருமேங்க ஐயா."

"சாமி கும்பிடுங்க, மழை வரும்."

நாகலெட்சுமி கோயிலுக்குப் போகவில்லை, குழாய் போகும் வழியே மலையேறினார். முக்கால்வாசிப் பாத்திகள் கீழே, லயத்தை ஒட்டியே கிடந்தன. பக்கத்திலேயே ஒரு பழைய சீமெந்துத் தொட்டி காலியாக இருந்தது. பிறகு எதற்குத் தண்ணீர் இருநூறு அடி ஏறி, நூற்றிருபது அடி இறங்க வேண்டும்? உச்சியில் தோட்ட மேலாளரான துரையின் பங்களாப் பூந்தோட்டம் இருந்தது. முதலில் துரையின் ரோஜா, மிச்சம்தான் மனிதருக்கு.

நேராகக் கீழ்த்தொட்டிக்கே குழாய் போடலாம் என்று அவர் போய்ச் சொன்னபோது, "வெள்ளக்காரன் போட்ட குழாய் லைனு. அதுல கை வைப்பியா?" என்றார் கண்டாக்கு.

"அவன் போயி எழுபது வருசமாச்சுங்க. தண்ணி மட்டும் இன்னும் சலாம் போட மேல ஏறுது."

போயா எனும் பௌர்ணமி விடுமுறையன்று, குழாய் வேலை தெரிந்த மூக்கனும் அவரும், பம்பறையில் சாக்குக்கடியில் கிடந்த சின்ன மோட்டாரை மாட்டிப் பழைய தொட்டிக்குத் தனிக் குழாய் இழுத்தார்கள்.

"வேல போச்சுன்னா ஹட்டன்ல தேத்தண்ணிக் கடை போடுவோம், தங்கச்சி."

"நீங்க ஊத்துற தேத்தண்ணிய யாரு குடிப்பா? ஸ்பேனரப் புடிங்கண்ணே."

காலையில் வேலை பிரிக்கும் பெரட்டில் கண்டாக்கு மட்டுமே பேசுவது வழக்கம். மறுநாள் நாகலெட்சுமி பேசினார்.

"அந்தத் தொட்டி நெறய, உச்சிக்குப் போயி வந்தா ஒம்பது யூனிட். நேரா வந்தா நாலு. நம்பாதவங்க வந்து மீட்டரப் பாருங்க."

கொழுந்துக் கூடைகளோடு எல்லோரும் போய்ப் பார்த்தார்கள்.

மாதக் கடைசியில் யூனிட் கணக்கு பாதியாகக் குறையவில்லை, அதற்கு மேல் கொஞ்சம் மிஞ்சியது. கண்டாக்கு பூட்டோடு வந்தார். நாகலெட்சுமி அவரைப் பேசவிடாமல் உச்சிக்கு அழைத்துப் போனார். லயமே பின்னால் ஏறியது. பங்களாத் தோட்டத்தில் தூறலிலும் குழாய் ரோஜாவுக்குப் பீய்ச்சிக்கொண்டிருந்தது.

"மிஞ்சுன யூனிட் இங்க நிக்குதுங்க ஐயா. பூட்ட இந்தப் பூந்தோட்ட வால்வுல போடுங்க."

கண்டாக்கு பங்களாவைப் பார்த்தார். திரும்பி, நாற்பது குடும்பங்களைப் பார்த்தார். வால்வை மூடிப் பூட்டினார்.

சாவிக்காக நாகலெட்சுமி கையை நீட்டினார்.