காப்புக்காட்டில் வெடித்த வெறுந்துப்பாக்கி

பேய், முனி என்று யாராவது ஆரம்பித்தால் எழுந்து போகிற ஆள் நான், வருஷக்கணக்காகச் சோளக்கொல்லையில் தனியாகக் காவல் கிடந்தவனுக்குப் பேயைவிடக் காட்டுப்பன்றிதான் பயம், அதனால் இதைக் கேட்டு நீங்கள் சிரித்தால் கோபித்துக்கொள்ள மாட்டேன், உங்கள் இடத்தில் இருந்தால் நானும் சிரித்திருப்பேன்.

அரும்பாவூர் பக்கம் எங்கள் நிலம். பன்றியை விரட்ட அப்பா காலத்திலிருந்தே லைசென்ஸ் துப்பாக்கி ஒன்று உண்டு. தேர்தல் அறிவித்துவிட்டால் அதை ஸ்டேஷனில் ஒப்படைத்தாக வேண்டும், தவறினால் லைசென்ஸ் போய்விடும், லைசென்ஸ் போனால் மக்காச்சோளம் முழுக்கப் பன்றிக்குத்தான். நாளைக்கு நாளைக்கு என்று தள்ளி, கடைசி நாள் வந்துவிட்டது, அன்று பார்த்து வண்டியும் மக்கர். ரோட்டைச் சுற்றி நடந்தால் பொழுது சாய்ந்துவிடும், குறுக்கே போனால் காப்புக்காடு. அனுமதி இல்லாமல் அதற்குள் துப்பாக்கி கொண்டுபோகக் கூடாது, வெறுந்துப்பாக்கி ஆனாலும் குற்றம் என்று வனத்துறை போர்டே வைத்திருக்கிறது. வெடிமருந்தும் ரவைக் குண்டும் வீட்டில் கிடக்கின்றன, வெறும் இரும்புக்கு எதற்கு இவ்வளவு சட்டம் என்று நக்கலடித்துக்கொண்டே நுழைந்தேன். கூட வந்தவன் என் மனைவியின் தம்பி செல்வராசு, அவளுக்கு இருக்கிற ஒரே உடன்பிறப்பு.

நல்ல மத்தியான வெயில். சாக்கில் சுற்றிய துப்பாக்கி என் தோளில், குழல் பின்பக்கம் பார்த்தபடி, எனக்குப் பின்னால் அவன். ஓடையைத் தாண்டி நாலு எட்டு வைத்திருப்போம், தோளிலேயே வெடித்தது. நம்பினால் நம்புங்கள், காதடைத்துப்போய், அவன் செத்தான் என்று நினைத்துத்தான் திரும்பினேன். சாக்கின் முனை கருகிப் புகைகிறது, அவன் ஒரு கீறல்கூட இல்லாமல் நிற்கிறான். கட்டிப்பிடித்து அழுதேன், வெட்கத்தை விட்டுச் சொல்கிறேன்.

அப்போதுதான் பக்கத்துப் புதருக்குள்ளிருந்து முனகல் கேட்டது.

"மாமா... தண்ணி..."

செல்வராசு வாயை இறுக்கி மூடிக்கொண்டு என்னையே பார்த்தான். கிட்டே வந்து மெதுவாகச் சொன்னான்.

"மாமா, அது என் கொரலு."

புதரை விலக்கிப் பார்க்க எனக்குத் தைரியம் வரவில்லை. அவன் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு ஓடினேன். "விட்டுட்டுப் போவாதீங்க மாமா" என்று அந்தக் குரல் கூப்பிட்டுக்கொண்டே இருந்தது, தார் ரோடு வரும்வரை கேட்டது.

ஸ்டேஷனில் ஏட்டையா குழலை முகர்ந்து பார்த்துவிட்டு, இப்போதுதான் சுட்டீர்களா என்று கேட்டார். காலையில் பன்றியை விரட்டினேன் என்று பொய் சொல்லி ரசீது வாங்கினேன். யாராவது அடிபட்டுக் கிடந்ததாகச் செய்தி வருமா என்று பல நாள் தூங்காமல் கிடந்தேன், அப்படி ஒருவரும் இல்லை, காணாமல் போனவரும் இல்லை. தேர்தல் முடிந்தும் துப்பாக்கியைத் திரும்ப வாங்காமல் லைசென்ஸே வேண்டாம் என்று எழுதிக் கொடுத்துவிட்டேன். பன்றி தின்றது போக மிச்சம்தான் இப்போது எங்களுக்கு. மனைவி திட்டுகிறாள், அவளிடம் காரணத்தை எப்படிச் சொல்வது?

போன வாரம் செல்வராசு வந்து சாப்பிட்டுப் போன பிறகு அவள் பேச்சுவாக்கில் சொன்னாள்.

"தம்பிக்கு இப்பல்லாம் எவ்ளோ தண்ணி குடுத்தாலும் தாகம் அடங்க மாட்டேங்குதுங்க."

சுகர் இருக்கும், டெஸ்ட் எடுக்கச் சொல் என்றேன். எடுத்தாயிற்றாம், ஒன்றும் இல்லையாம். அன்றைக்கு அந்தக் காட்டில் யாரை விட்டுவிட்டு யாரைக் கூட்டிக்கொண்டு வந்தேன் என்று எனக்கு இன்றுவரை தெரியவில்லை.